நஷ்டத்தில் முடிகிற படிகள்

ஓட்டை போடாமல் ஒரு கல்கூட உள்ளே வரக்கூடாது என்று பிரபாவதி சொன்னதும் கொத்தனார் மாடக்கண்ணு டிரில் மிஷினை எடுக்கவில்லை, காதிடுக்கில் இருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் என்னவோ கிறுக்கினான், வேலை செய்ய மனசில்லாத ஆண்களுக்கெல்லாம் கிறுக்குவதற்கு எப்படியோ ஒரு சுவர் கிடைத்துவிடுகிறது. "யக்கா, கீழ ஏற்கெனவே காங்கிரீட்டு கெடக்கு, இரும்பு மாதிரி கெடக்கு, மேல கலவையப் போட்டுக் கல்லப் பதிச்சுவிட்டா உங்க பேரன் காலத்துலயும் அசையாது, ஓட்டை என்னத்துக்கு?" என்னத்துக்கா, மழைத் தண்ணி கல் இடுக்கு வழியாக இறங்கும், இறங்கினது காங்கிரீட்டைத் தாண்டிப் போக வழியில்லாமல் மணலுக்குள்ளேயே நிற்கும், கார்த்திகை முடிவதற்குள் ஒவ்வொரு கல்லும் கிழவன் பல் மாதிரி ஆட ஆரம்பிக்கும், ஆடுகிற கல்லில் கால் வைப்பதற்கா இத்தனை பாடு. அதையெல்லாம் அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. "உனக்குப் போடத் தெரியாதுன்னா மிஷின இங்க குடு, நான் போடுதேன்" என்று கையை நீட்டினாள். சித்தாள் பேச்சித்தாய் மணல் சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "குடும் வே, குடும், யக்கா போடுற போடுல ஓட்டை ஆத்துவரைக்கும் எறங்கும்" என்றாள். அவன் குடுக்கவில்லை, அவன் கையிலேயே மிஷின் அலறத் தொடங்கியது. அந்தச் சத்தம் பிரபாவதிக்குக் காதில் கேட்கவில்லை, கடைவாய்ப் பல்லில் கேட்டது, ஆனாலும் நன்றாக இருந்தது, அலறட்டும், தெருவே எட்டிப் பார்க்கட்டும், சிவசைலத்தின் பெண்டாட்டி போர்ட்டிகோவில் பேவர் கல் பதிக்கிறாள், அவன் அண்ணன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் பதிக்கிறாள் என்று பேசிக்கொள்ளட்டும். பேசினால் என்ன குறைந்துவிடும். ஆவுடையப்பன் நேற்றுச் சாயங்காலம் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார், இன்று உச்சிகால பூஜை பார்த்துவிட்டு வந்தால் மூன்று மணிக்கு மேலாகும், அதற்குள் கல் வாசல்வரைக்கும் வந்துவிட வேண்டும், வந்துவிட்டால் அப்புறம் முருகனே நேரில் வந்தாலும் பெயர்க்க முடியாது.

அவள் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், இறங்கவில்லை, இறங்க வேண்டுமானால் அந்த அரைப்படியில் கால் வைக்க வேண்டும். அதைப் படி என்று சொன்னால் மற்றப் படிகளுக்குக் கோபம் வரும். வீடு கட்டின வருஷம் ஆவுடையப்பன்தான் மின்வாரியத்தில் லீவு போட்டுவிட்டு வந்து நின்று எல்லாம் பார்த்தார், தம்பிக்கு எதுவும் தெரியாது என்பது அவருக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ள நம்பிக்கை, தம்பிக்கும் அதே நம்பிக்கை. பால் காய்ச்சுவதற்கு முந்தின சாயங்காலம் அவர் தெருவில் நின்றுகொண்டு படி எண்ணினார், மண்ணிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஒன்று, லாபம், போர்ட்டிகோவிலிருந்து வீட்டுக்குள்ளே ஒன்று, நஷ்டம், எண்ணி முடித்தவர் முகத்தில் ரத்தம் இல்லை. வீட்டுக்குள் வைக்கிற கடைசிக் கால் நஷ்டத்தில் விழுந்தால் குடும்பம் விளங்குமா. ராத்திரியோடு ராத்திரியாகக் கொத்தனாரைப் பிடித்து இழுத்துவந்து வாசலுக்கு முன்னால் நாலு விரல் உயரத்துக்குச் சிமெண்டைக் குழைத்து ஒரு பலகை மாதிரிப் பூசவைத்தார், லாபம், நஷ்டம், லாபம், கணக்குச் சரியாகிவிட்டது. கணக்குக்குத்தான் சரி, காலுக்குச் சரியில்லை, மனுஷர் காலுக்குப் படி என்றால் இவ்வளவு என்று ஒரு ஞாபகம் இருக்கிறது, தரை என்றால் இப்படி என்று ஒரு ஞாபகம் இருக்கிறது, இது இரண்டிலும் சேராமல் தரையின் நிறத்திலேயே தரையோடு ஒட்டிக்கொண்டு உளவாளி மாதிரிப் படுத்துக் கிடக்கும். கொரியர் கொண்டுவந்த பையன் விழுந்தான், கேஸ் சிலிண்டர்காரர் சிலிண்டரோடு விழப்போய் நிலையில் மோதி நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டார், மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டின் அத்தை தாம்பாளத்தோடு முழங்காலில் விழுந்து அந்தப் பேச்சே அதோடு நின்றது, நின்றதும் நல்லதுதான், அந்த வீட்டுக்கு மருமகளாகப் போயிருந்தால் மகள் இன்றைக்கு ஓசூரில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். ஒவ்வொருவர் விழும்போதும் ஆவுடையப்பன் ஒன்றையேதான் சொன்னார், "பாத்து வரணும்லா." விழுந்தவர் மேல்தான் தப்பு, படி மேல் எப்போதும் தப்பில்லை, அது லாபத்துக்காக வந்த படி.

பாத்து வரணும். பார்ப்பதற்கு அவளிடம் கீழ்ப்பாதி இல்லை. இந்தச் சொல்லை மனசுக்குள்கூட அவள் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை, டிரில் சத்தத்தில் சொல்லிக்கொள்ளலாம் போலிருந்தது. மாசி மாதம் சமையலறைத் தரையில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டாள், அப்புறம் பக்கத்து வீட்டு நாயின் வாலை மிதித்தாள், அப்புறம் தன் வீட்டு அரைப்படியிலேயே தடுக்கிக் கைப்பிடிச் சுவரில் தோளை இடித்துக்கொண்டாள், இத்தனை வருஷம் எல்லாரும் விழுந்தும் அவள் மட்டும் விழாத படி அது. ஆதாரில் போன் நம்பர் மாற்றப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு வெள்ளைக் குண்டானுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள், ஓரத்தில் எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்கணும். மின்னியது, அமுக்கினாள், மின்னியது, அமுக்கினாள், அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, மிஷின் மட்டும் கிர்ர் கிர்ர் என்று ஏதோ காட்டிக்கொண்டே இருந்தது, காட்டுகிறது ஆனால் தனக்குத் தெரியவில்லை என்று புரிந்துவிட்டது, கான்வென்டில் படித்த பத்து வருஷமும் ஒரு கேள்வியைக்கூட எழுதாமல் விட்டதில்லை அவள், குத்துமதிப்பாக அமுக்க ஆரம்பித்தாள், சத்தம் வந்தால் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. டாக்டர் சின்னப் பெண், தாளைப் பார்த்துவிட்டு, "லைட்டே போடாதப்பவும் அமுக்கியிருக்கீங்களேம்மா" என்றாள். இந்த வயசில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட வெட்கத்தில் முதலில் நோயே காதில் ஏறவில்லை. கண்ணுக்குள் நீர் அழுத்தம், நரம்பு போகிறது, கீழ்ப்பக்கப் பார்வை போய்விட்டது, போனது வராது, ராத்திரி ராத்திரி சொட்டு மருந்து விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம், தைரியமாக இருங்க, நடக்கும்போது தலையைக் குனிந்து தரையைப் பார்த்து நடங்க. தலையைக் குனிந்தா. கான்வென்டில் சிஸ்டர் கொன்சாகா தலையில் ஜெபப் புத்தகத்தை வைத்து வராந்தாவில் நடக்கவிடுவார், காலைப் பார்க்கிற பெண்ணுக்குப் புத்தகம் விழும், விழுந்தால் முட்டி போடணும், "லுக் அஹெட், பிரபா, தரை எங்கேயும் ஓடிப் போகாது" என்பார் தன் மலையாளத் தமிழில். ஓடிப் போய்விட்டது சிஸ்டர். உங்களிடம் பத்து வருஷம் படித்தும் இந்த ஒன்றை மட்டும் நீங்கள் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள்.

சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் வத்தக்குழம்புப் பொடி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, அந்த டப்பாவை இந்த வீட்டில் வேறு யாரும் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. சொல்லிவிடலாம், சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், வடிவு மதினிக்கு என்ன ஆனது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். சிவசைலத்துக்கும் ஆவுடையப்பனுக்கும் நடுவில் பிறந்தவள் வடிவு, வாய் நிறையப் பேசுகிறவள், தனியாக ராமேஸ்வரம்வரை போய் வருவாள், ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்தது ஒரு நாள்தான். அதற்கப்புறம் அண்ணன்காரர் தினமும் காய்கறி வாங்கிக் கொடுத்தார், மகன் கோயில் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தான், மருமகள் சேலைகளைக் கடையிலிருந்து வீட்டுக்கே வரவழைத்துக் காட்டினாள், எல்லாம் அன்பு, அன்போடு அன்பாக வீட்டுச் சாவியை அவள் இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இன்று வடிவு மதினி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், போனால் "வெளிய வெயிலா?" என்று கேட்கிறாள். அவளுக்குத் தலைசுற்றல் எப்போதோ போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை, அவளும் மறந்துவிட்டாள். வெளியே வெயிலா என்று கேட்கிற வாயாகத் தன் வாய் ஆகிவிடுமா என்கிற பயத்தைத்தான் பிரபாவதி இந்த நாலைந்து மாதமாகத் தூங்காமல் சுமக்கிறாள், கண்ணை இல்லை. கண் போனதைப் பொறுத்துக்கொள்வாள். மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திரிக்காயைத் தானே புரட்டிப் பொறுக்காமல், கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடாமல், லைப்ரரியில் புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு எதிர்த்துப் பேசாமல், பிறர் வாங்கிவருகிற முற்றின கத்திரிக்காயை நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தின்றுகொண்டு இருப்பதைப் பொறுக்கமாட்டாள்.

அதனால்தான் பேவர் கல். ராத்திரிகளில் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு எந்த ஊர்க்காரனோ கல் பதிக்கிறதையெல்லாம் பார்த்தாள், இருக்கிற காங்கிரீட்டை உடைக்க வேண்டியதில்லை, தண்ணி வடிய ஓட்டை, ஓட்டைக்கு மேலே மணல் ஒழுகாமல் துணி, ஓரத்து வரிசை மட்டும் கலவையில், உள்ளே பூராவும் மணல், மணலுக்கு மேலே கல். கல்லும் மணலும் சேர்ந்தால் நாலு விரல் உயரம் என்று ஒரு பாட்டி மாதிரி இருந்த வெள்ளைக்காரி விரலை வைத்துக் காட்டினபோது பிரபாவதி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாலு விரல். போர்ட்டிகோ நாலு விரல் உயர்ந்தால் அரைப்படி இருக்கிற இடம் தெரியாமல் தரையோடு போய்விடும், முன்பக்கம் குட்டையாக இருக்கிற முதல் படி வாசல் படியின் உயரத்துக்கு வந்துவிடும், ஒரே உயரத்தில் இரண்டு படி, இரண்டே இரண்டு, காலுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் கண் வேண்டாம். அந்த உளவாளியைக் கொத்த வேண்டாம், உடைக்க வேண்டாம், புதைத்துவிடலாம். பக்கத்தில் சிவசைலம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், அவனிடம் மறுநாள் காலையில் தரையில் பாசி பிடிக்கிறது, யாராவது வழுக்கி விழுவார்கள், கல் போடணும் என்று மட்டும் சொன்னாள். யாராவது.

மாடக்கண்ணு ஒரு வழியாக வழிக்கு வந்திருந்தான், ஓட்டைகளில் சல்லி நிரப்பித் துணி விரித்து, இரும்புக் குழாய் இரண்டைப் போட்டு அதன்மேல் பலகையை இழுத்து மணலைச் சமமாக்கினான், தெருப்பக்க ஓரத்தில் மஞ்சள் கல் ஒரு வரிசை கலவையில் கொஞ்சம் மேடாகவே ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று, அதிலிருந்து சாம்பல் நிறக் கல்லை நூல் பிடித்து வாசலைப் பார்க்க வைத்துக்கொண்டு வந்தான், ரப்பர் சுத்தியல் டொப் டொப் என்று மெத்தையில் அடிக்கிற மாதிரிக் கேட்டது. "யக்கா, நடுவுல செவப்புக் கல்லுல தாமரைப் பூ ஒண்ணு போட்டுருவமா, ஓரத்துல இருக்க மஞ்சள அதுக்குக் கொண்டாந்துட்டா தூக்கலா இருக்கும், பெரியபாளையத்துல ஒரு வக்கீல் வீட்ல போட்டேன், பாத்துட்டு அழுதுட்டாரு." "அழத்தான் செய்வாரு. மஞ்சள் ஓரத்துல மட்டும். ஒரு கல்லு நகந்துச்சுன்னா உன்னைய அழ வைப்பேன்." "இந்த யக்காவக் கட்டுன அண்ணாச்சி பாவம்டி பேச்சி" என்று அவன் முணுமுணுக்க, "உம்மக் கட்டுனவ பாவம் இல்லியாக்கும்" என்று பேச்சித்தாய் சொன்னாள். பிரபாவதி பின்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள், மஞ்சள் வரிசையைத் தாண்டி, பதித்து முடித்த கல்லின் மேல் செருப்பில்லாமல் ஏறினாள், பதித்த கல் முடிகிற இடம்வரை போய்த் தெருப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். கல் வெயில் குடித்திருந்தது. ஒவ்வொரு இடுக்கும் பாதத்தில் கோடாக ஏறியது, சுண்டுவிரலுக்குக் கீழே ஒன்று, குதிகாலுக்குக் கீழே ஒன்று, வழவழவென்று ஒன்றும் சொல்லாமல் கிடந்த பழைய சிமெண்டு மாதிரி இல்லை, இது பேசுகிற தரை, இத்தனாவது கல்லில் நிற்கிறாய், இன்னும் இத்தனை கல் இருக்கிறது என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வருகிற தரை. கடைசியில் ஓரத்து வரிசையின் மேடு பெருவிரலில் இடித்தது, நின்றாள், கண்ணைத் திறந்து தலையைக் குனிந்து பார்த்தாள், மஞ்சள். சிரிப்பு வந்தது. "என்னக்கா கண்ண மூடிக்கிட்டு நடக்கிய, நேத்திக்கடனா?" என்றாள் பேச்சித்தாய். "ஆமா. உங்க கொத்தனாருக்குப் புத்தி வரணும்னு."

வாசலுக்கு இன்னும் மூன்று வரிசைதான் பாக்கி என்கிற நேரத்தில், பின்கட்டு வழியாகத் திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்து நின்றவள் பக்கத்தில் சிவசைலம் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்து நின்றான், அவன் தாளை மடிக்கிற விதத்திலேயே ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தது, நாலாக மடித்துவிட்டு எட்டாகவும் மடித்தான். "பிரபா, அண்ணன் அப்பவே கிளம்பிட்டாராம்." எங்கேயிருந்து என்று அவள் கேட்கவில்லை. "காலைல போன் பேசுனேன். சும்மாதான், தரிசனம் ஆச்சான்னு கேட்டேன். சத்தம் கேக்குதே என்னலேன்னாரு." "சொன்னியளாக்கும்." "கேக்கையில எப்படிச் சொல்லாம இருக்க?" முப்பது வருஷமாக இவனோடு குடித்தனம் நடத்துகிறாள், வெளியே கடன் இல்லை, குடி இல்லை, கோபம் இல்லை, எல்லாவற்றையும் அண்ணனிடம் ஒப்பிப்பதைத் தவிர ஒரு பழுது சொல்ல முடியாத மனுஷன், இந்த மனுஷனிடம் கண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தால் திருச்செந்தூருக்கும் அதுதான் போயிருக்கும், அங்கே பிரார்த்தனையாகியிருக்கும், இந்நேரம் அவளுக்கு மொட்டை போடுவதுவரை பேசி முடித்திருப்பார்கள். "மாடக்கண்ணு, சாப்பாட்டுக்கு எந்திரிக்காத, மூணு வரிசையையும் போட்டுட்டு எந்திரி" என்று சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் ஆட்டோ வந்து நின்றது. டவுன் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார், இதற்கு முன்னால் ஆவுடையப்பன் ஆட்டோவில் ஏறினது அவர் சம்பந்தி செத்தபோதுதான்.

நெற்றி நிறைய விபூதியோடு அவர் மஞ்சள் வரிசைக்கு வெளியே நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் ஏறி இறங்கியது, லாபம், நஷ்டம். இன்னொரு முறை எண்ணினார், இரண்டாம் முறை எண்ணினால் கூடிவிடும் என்பதுபோல். "ஏலே சைலம், என்ன செஞ்சு வச்சிருக்க?" "நான் இல்லண்ணே" என்றான் சிவசைலம், அது உண்மைதான், இந்த வீட்டில் எதுவும் அவன் இல்லை. "ஏம்மா பிரபா, நீ படிச்சவ. ரெட்டைப்படையில ஒரு வீட்டுக்குள்ள ஏறலாமா? இந்த வீட்ல இதுவரைக்கும் ஒரு குறை உண்டா? ஒரு சீக்கு உண்டா? எல்லாம் அந்தப் படி போட்ட நேரம்." சீக்கு உண்டா என்ற சொல் அவள் காதுக்குள் போய்ச் சுற்றிச்சுற்றி நின்றது. "பெரியத்தான், படி எங்கயும் போகலை, உள்ளதான் இருக்கு. புதைச்சிருக்கு. கணக்குல சேத்துக்கிடுங்க." மாடக்கண்ணு சிரித்துவிட்டு உடனே இருமினான். ஆவுடையப்பனுக்குக் கேலி புரியாது, யோசனைதான் வரும், வந்தது. "சரி, போட்டதப் போட்டாச்சு, பெயர்க்க வேண்டாம். கொத்தனாரே, வாசலுக்கு முன்னால கல்லுக்கு மேல இன்னொரு நாலு விரல் பூசிரும். பழையபடி. கணக்கு நேராகிரும்." "அதுக்கென்ன அண்ணாச்சி, கலவை இருக்கு" என்று மாடக்கண்ணு கரண்டியை எடுத்தான், எடுத்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே, காலையில் டிரிலை எடுக்க அத்தனை நேரம் ஆனவன், ஆம்பளை சொன்னதும் கரண்டி தானாகக் கைக்கு வந்துவிட்டது. பேச்சித்தாய் கலவைச் சட்டியைத் தூக்காமல் பிரபாவதி முகத்தைப் பார்த்தாள். சிவசைலம் தாளைப் பதினாறாக மடிக்க முயன்றுகொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம், ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, அதே உளவாளி அதே இடத்தில் மறுபடியும் படுத்துவிடுவான், இந்த முறை புதைக்கப் பேவர் கல்லும் இருக்காது, அவள் ஒருநாள் விழுவாள், இடுப்பு உடையும், அப்புறம் ஜன்னலோரம்.

"கீழ வை" என்றாள். அவள் குரல் உயரவில்லை, தாழ்ந்தது, அதனாலேயே மூன்று ஆண்களும் நின்றார்கள். "பெரியத்தான், எனக்குக் கீழ்ப்பக்கம் கண்ணு தெரியாது. இப்ப உங்க மொகம் தெரியுது, விபூதி தெரியுது, உங்க காலு தெரியலை. நரம்பு போச்சு, இனி வராது, டாக்டர்ட்ட காட்டியாச்சு, மருந்து விடுதேன். உங்க அரைப்படி எனக்குத் தெரியாது. அத மறுபடி பூசுனா நான் விழுவேன். பூசணுமா?" சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் ஒரு வெறுமை, பொத்தானை அமுக்காமல் விட்ட மாதிரி. அவள் எதிர்பார்த்தது வாதம், வாதத்துக்குத் தயாராகத்தான் இடுப்பில் கை வைத்திருந்தாள், டாக்டரைத் திட்டுவார், கான்வென்டைத் திட்டுவார், செல்போனைத் திட்டுவார் என்று. ஆவுடையப்பனின் முகம் அப்படியே கரைந்து இறங்கியது. கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. "அடப் பாவமே. என்னம்மா நீ, ஒத்த ஆளா இத வச்சிக்கிட்டு... படி வேண்டாம். ஒண்ணும் பூச வேண்டாம் வே, கரண்டிய வையும். லாபமாவது நஷ்டமாவது." பிரபாவதிக்கு ஒரு நொடி நெஞ்சு இளகியது, இந்த மனுஷரை இத்தனை வருஷம் தப்பாக எடைபோட்டுவிட்டோமோ என்று நினைத்தாள், அந்த ஒரு நொடியோடு சரி. "நீ எதுக்கும்மா இனிமே படி எறங்கணும்? வடிவு இருக்கா பாரு, ராணி மாதிரி. காய்கறி நான் வாங்கிப் போடுதேன், எனக்கு எவ்வளவு நேரம் ஆகும். சைலம், கேட்டை உள்பக்கம் பூட்டிக்கோலே, ஞாபக மறதில எறங்கிரப் போறா." சிவசைலம் வந்து அவள் முழங்கையைப் பிடித்தான், மெதுவாக, முட்டையைப் பிடிக்கிற மாதிரி. அழுகிறானோ என்னவோ, திரும்பிப் பார்த்தால் இளகிவிடுவோம் என்று அவள் பார்க்கவில்லை. படியைக் கொடுத்துவிட்டுத் தெருவை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மூச்சில். பெருந்தன்மையாக.

"அந்த மூணு வரிசையப் போடு" என்றாள் மாடக்கண்ணுவிடம். அவன் ஆவுடையப்பனைப் பார்க்கவில்லை, குனிந்து போட்டான், கல் மேல் கல் உரசுகிற சத்தம் மட்டும் இருந்தது, கடைசிக் கல் அரைப்படியோடு வந்து சமமாக ஒட்டியது, அவள் நிலையை விட்டுக் கையை எடுத்துக் காலால் தடவிப் பார்த்தாள், எது படி எது கல் என்று பாதத்துக்குத் தெரியவில்லை. "இடுக்குல போடப் பொடி மணல் காணாது யக்கா, ரெண்டு மூடை வேணும், முக்குக் கடையில சொல்லிவிட்டா கொண்டாந்து எறக்கிருவான்" என்றான் அவன், சாதாரணமாக, வேலைக்காரன் வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல், அன்றைக்கு அவளிடம் யாரும் பேசின நல்ல பேச்சு அது ஒன்றுதான். "நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று ஆணியில் கிடந்த பையை எடுத்தாள். முழங்கையை உதறினாள், பலமாக இல்லை, ஈரக் கையை உதறுகிற அளவுக்குத்தான். "பிரபா, நான் போறேன், நீ எதுக்கு" என்றான் சிவசைலம். "நீங்க காப்பியப் போடுங்க. டிகாஷன் இருக்கு, பால் கேஸ் மேல இருக்கு. உங்க அண்ணனுக்குச் சீனி கம்மி. என்னைக்காவது ஒருநாள் நீங்களா ஒரு காரியம் பண்ணி அவருக்குச் சொல்லாம இருங்க பாப்போம்." "பாத்துப் போம்மா" என்றார் ஆவுடையப்பன் பழக்கத்தில், சொன்னபிறகு என்ன சொன்னோம் என்று உறைத்து வாயை மூடிக்கொண்டார். வாசல் படி, ஒன்று. கல், கல், கல், இடுக்குகள் எண்ணிக்கொண்டே வந்தன, அவர் ஒதுங்கி வழிவிட்டார், விடாமல் இருந்திருந்தாலும் நேராகத்தான் போயிருப்பாள். பெருவிரலில் மேடு இடித்தது. தலையைக் குனிந்தாள், மஞ்சள், நிமிர்ந்தாள், இறங்கினாள், "நஷ்டம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், கால் மண்ணில் உறுதியாக நின்றது.

கேட்டைத் திறந்துபோட்டுவிட்டே தெருவுக்கு வந்தாள். பயம் போகவில்லை, கேட்டுக்கு வெளியே அது இன்னும் பெரிதாக இருந்தது, கேபிளுக்குத் தோண்டிப் போட்ட பள்ளம் எங்கே என்று ஞாபகம் இருக்கிறது, நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும் என்று யார் சொன்னார்கள், சாக்கடை மூடி ஒன்று உடைந்திருந்தது, எந்த வீட்டுக்கு எதிரே, மூன்றாவதா நாலாவதா, மேலே வேப்பமரம் தெரிகிறது, கரண்டு கம்பி தெரிகிறது, கம்பியில் ஒரு பச்சைப் பட்டம் கூடத் தெரிகிறது, கீழே தன் சேலைக் கொசுவம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரு காலை வைத்து, அது தரைதான் என்று தெரிந்ததும் அடுத்த காலை வைத்தாள். பின்னால் யாராவது தொடர்ந்து வருகிறார்களா என்று திரும்பவில்லை, திரும்பினால் முன்னால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். இப்படியே போனால் கடைக்குப் போகக் கால்மணி நேரம் ஆகும், ஆகட்டும், நாளைக்கு இதைவிடக் குறையும். முக்கில் லோடு ஆட்டோ ஒன்று குறுக்கே வளைந்து வந்து அவள் மேல் ஏற்றாத குறையாகப் பிரேக் போட்டது, புழுதி மூக்கில் ஏறியது, டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்று கத்தினான். "தெரியலை" என்றாள். "உனக்குத் தெரியுதுல்லா? அப்ப நீ வண்டியப் பின்னால எடு." அவன் அவளை ஒரு முறை பார்த்தான், ஹாரனில் கை வைத்தான், அடிக்கவில்லை. கியர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் நீட்டிய காலைப் பின்னால் இழுக்காமல் அங்கேயே நின்றாள், வண்டி முழுக்கப் பின்னால் போகிறவரைக்கும்.